பாம்படம் வரையத் தெரியுமா சார்?

தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டியிருந்தது. அதில் ஒன்றில் நானும் மெக்கானிக்கல் துறையில் உதவிப் பேராசிரியராக இருந்தேன். பெயர் வேண்டாம். கவுன்சிலிங்கில் சீட்டு நிரம்பாத வருடங்கள் வந்தபோது முதலில் சம்பளத் தேதி தள்ளிப் போனது, அப்புறம் பாதிச் சம்பளம், அப்புறம் "அடுத்த செமஸ்டர்ல பார்க்கலாம் சார்". அடுத்த செமஸ்டரில் எங்கள் துறையே இல்லை. என்னோடு வேலை பார்த்தவர்களில் ஒருவர் சாத்தூரில் பலசரக்குக் கடை வைத்தார், ஒருவர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட், சிலர் டியூஷன். நான் பென்சிலை எடுத்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை என்பதுதான் காரணம், உள்ளுக்குள் கலைஞன் ஒளிந்திருந்தான் என்றெல்லாம் இல்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், அடிக்கடி வரும் ஒரு கேள்வி. "அண்ணா, வேலை இல்ல, ஓரளவு நல்லா வரைவேன், இத வச்சு சம்பாதிக்க முடியுமா?" இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், முதலில் இரண்டு வருடம் தினமும் பயிற்சி செய், உனக்கென்று ஒரு பாணியைக் கண்டுபிடி, இன்ஸ்டாகிராமில் ஆள் சேர், பிறகு விற்க ஆரம்பி. வீட்டில் இன்னொரு சம்பளம் வருகிறவர்களுக்கு இது நல்ல யோசனை. கேஸ் சிலிண்டருக்கே கணக்குப் பார்க்கிறவனிடம் ஏது இரண்டு வருடம்? என் அனுபவம் நேர் எதிர். காசு வாங்கிக்கொண்டு, ஒரு தேதிக்குள், அடுத்தவர் சொன்ன ஒரு முகத்தை வரைந்து கொடுத்தபோதுதான் என் கை திருந்தியது. தனியாக உட்கார்ந்து பயிற்சி செய்தபோது எனக்கு எது வருமோ அதையே திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தேன். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன்.

கல்லூரியில் நான் முதல் வருடப் பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங் கிராபிக்ஸ் எடுத்தவன். கோடும் கோணமும் போடும் மினி டிராஃப்டர், கெட்டியான 2எச் பென்சில், ஊசிபோல் சீவிய முனை, ஒரே கனத்தில் கோடு. அந்தப் பழக்கத்தில் கண் நன்றாகப் பழகியிருந்தது. ஒரு பொருள் எந்தப் பக்கம் திரும்பினால் எது சுருங்கும், எது மறையும் என்பதெல்லாம் யோசிக்காமலே தெரியும். ஆனால் கை கெட்டுப்போயிருந்தது. முகத்தில் ஒரே கனத்தில் கோடு என்று எதுவுமே இல்லை. கன்னத்தின் ஓரம் ஓரிடத்தில் அழுத்தமாகத் தெரியும், ஒரு விரற்கடை தள்ளிப் பின்னணியோடு கரைந்துவிடும். நான் வரைந்த முதல் முகங்களைப் பார்த்தால் வார்ப்பிரும்பில் செய்த மாதிரி இருக்கும். 2எச்-சைத் தூக்கிப் போட்டுவிட்டு 2பி, 4பி, 6பி என்று மென்மையான, கருப்பான பென்சில்களுக்கு மாறினேன். முழு செட்டும் உள்ளூர் ஸ்டேஷனரிக் கடையிலேயே கிடைத்துவிடும். வெளிநாட்டு பிராண்டு வாங்கினால்தான் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காசைப் போட வேண்டிய இடம் தாள். மெல்லிய தாளில் நாலு தடவை அழித்தாலே மேல்பரப்பு பஞ்சு பஞ்சாகிவிடும், அதற்கு மேல் எந்தப் பென்சிலும் அங்கே ஒட்டாது. 200 ஜி.எஸ்.எம். பக்கம் கனமுள்ள, ரொம்பச் சொரசொரப்பில்லாத தாள் இருந்தால் நிம்மதி.

முதல் ஆர்டர் இன்ஸ்டாகிராமில் வரவில்லை, ஒரு பிரேம் கடையிலிருந்து வந்தது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் ஓவியச் சந்தை என்று ஒன்று இருக்கிறதென்றால் அது அங்கேதான் இருக்கிறது. ஒரு வீட்டில் இறப்பு நடந்தால் பதினாறாம் நாள் காரியத்துக்குள் மாலை போட ஒரு படம் வேண்டும். வீட்டில் தேடுவார்கள். மகன் கல்யாண ஆல்பத்தில் மூலையில் பாதி முகம் கிடைக்கும், அல்லது வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, ஆதார். அதைத் தூக்கிக்கொண்டு பிரேம் கடைக்கு வருவார்கள். கடைக்காரர் ஸ்டுடியோவுக்கு அனுப்புவார், ஸ்டுடியோவில் பெரிதாக்கினால் வெறும் சதுரம் சதுரமாக உடைந்த முகம். அந்த இடத்தில்தான் ஒரு வரைகிற ஆள் தேவைப்படுகிறான். கடைக்கார அண்ணாச்சியிடம் என் மாதிரிப் படங்கள் இரண்டைக் கொடுத்து மாட்டச் சொன்னேன். படத்துக்கு இவ்வளவு என்று அவருக்கு ஒரு பங்கு, பிரேம் வியாபாரமும் அவருக்கே. அவருக்கும் லாபம், எனக்கும் வாடிக்கையாளரைத் தேடி அலைகிற வேலை இல்லை. உங்கள் ஊரில் பிரேம் கடை இல்லாவிட்டால் போட்டோ ஸ்டுடியோ, பிளக்ஸ் கடை, ஜெராக்ஸ் கடை, எங்கெல்லாம் ஜனங்கள் ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்களோ அங்கே போய் உட்காருங்கள்.

பதினாறாம் நாளுக்குள் என்றால் உண்மையில் கையில் இருப்பது ஒரு வாரம், பத்து நாள். "மூடு வரலை" என்று சொல்ல முடியாது. அதோடு, படத்தை மதிப்பிடப் போகிறவர்கள் அந்த முகத்தோடு நாற்பது வருடம் வாழ்ந்தவர்கள். அவர்களிடம் நிழல், அமைப்பு, சமநிலை என்றெல்லாம் பேசிப் பிரயோஜனமில்லை. "சாடை வரலையே சார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

சாடை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப நாள் ஆனது. பாடமாகச் சொல்லிக் கொடுக்கும் அளவுகள் எல்லாம், அதாவது தலையின் பாதி உயரத்தில் கண், முகத்தின் அகலம் ஐந்து கண் அகலம், இரண்டு கண்ணுக்கு நடுவில் ஒரு கண் இடைவெளி, இவையெல்லாம் பொதுவான மனிதன் ஒருவனின் அளவு. அப்படி ஒருவரும் கிடையாது. குறிப்பிட்ட ஆள் இந்த அளவிலிருந்து எங்கே விலகுகிறார் என்பதுதான் அவர் முகம். ஒருவருக்கு மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் கூடுதல் இடம், ஒருவருக்கு ஒரு புருவம் மேலே, ஒருவருக்குக் கீழுதடு இடப்பக்கம் லேசாக இறங்கியிருக்கும். அந்த மூன்று நாலு விலகல்களைப் பிடித்துவிட்டால் கொஞ்சம் மோசமாக நிழல் போட்டாலும் அடையாளம் தெரியும். பிடிக்காவிட்டால் ஒவ்வொரு முடியாக வரைந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர்தான். அதனால் இப்போதெல்லாம் நிழலைத் தொடுவதற்கு முன்னால் வெறும் கோட்டுப்படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, சாடை சரியா என்று கேட்டுவிடுவேன். ஒரு விஷயம், குடும்பத்தில் ஒரே ஒருவர்தான் சம்மதம் சொல்ல வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். மூத்த மகனுக்கு அப்பா கம்பீரமாக இருக்க வேண்டும், மகளுக்கு அப்பா சிரிக்க வேண்டும். அந்தப் பஞ்சாயத்துக்குள் நாம் போகக் கூடாது.

செல்போன் செல்ஃபியைக் கொண்டுவருகிறவர்கள் இன்னொரு தலைவலி. கையெட்டும் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு பெருத்து, காது சிறுத்து, முகம் மீன் மாதிரி இருக்கும். இது லென்ஸின் குற்றமில்லை, தூரத்தின் குற்றம். பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும் என்கிற அதே பெர்ஸ்பெக்டிவ் பாடம்தான். ஆள் உயிரோடு இருந்தால், ஆறேழு அடி தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்து அனுப்பச் சொல்வேன். இறந்தவர் என்றால் மனதுக்குள் திருத்தித்தான் வரைய வேண்டும்.

திருத்தி வரைவது என்றதும் ஒரு ஆச்சியின் படம் நினைவுக்கு வருகிறது. எட்டயபுரம் பக்கம் ஒரு கிராமம். இருந்த ஒரே போட்டோ, இறந்த பிறகு நாற்காலியில் உட்கார வைத்து எடுத்தது. அந்தக் காலத்தில் கிராமங்களில் அப்படி எடுப்பார்கள், உயிரோடு இருந்தபோது யாரும் கேமராவுக்கு முன்னால் அவரை நிறுத்தியிருக்கவில்லை. பேரன் கேட்டது, "கண்ணைத் திறந்து வரையணும் சார். அப்புறம் ஆச்சி பாம்படம் போட்டிருப்பாவ. பாம்படம் வரையத் தெரியுமா சார்?" பாம்படம் எப்போதோ விற்றாகிவிட்டது, பேரன் படித்ததே அந்தக் காசில்தான். போட்டோவில் தோள்வரை தொங்கும் வெற்றுக் காது மட்டும் இருந்தது.

பாம்படம் பார்த்திருக்கிறீர்களா? தெற்குப் பக்கம் காது வளர்த்த கிழவிகள் போட்டிருந்தது, மதுரைப் பக்கம் போனால் தண்டட்டி. மெல்லிய தங்கத் தகட்டுக்குள் அரக்கு அடைத்துச் செய்தது. பூ, இலை, மயில் எதுவும் கிடையாது. உருண்டை, சதுரக் கட்டி, தட்டு, உருளை, ஒன்றோடொன்று கோத்துவிட்ட வெறும் வடிவியல். முதல் வருடப் பிள்ளைகளுக்கு நான் போர்டில் போட்டுக் காட்டிய அத்தனை திண்மங்களும் ஒரு காதில் தொங்கும். அந்த நகையை வரைய எனக்குச் சிரமமே இருக்கவில்லை, வாழ்க்கையில் முதல் தடவையாக என் பாடம் ஒருவருக்கு உபயோகப்பட்டது என்றுகூடச் சொல்லலாம். கண்தான் கஷ்டம். மூடிய இமைக்குள் எப்படிப்பட்ட கண் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? அவருடைய கடைசி மகளை வரச் சொன்னேன், ஊரில் எல்லோரும் "ஆத்தாளை உரிச்சு வச்சிருக்கா" என்று சொல்கிற ஆள். ஜன்னல் பக்கம் உட்கார வைத்து அவர் கண்ணை வரைந்து, இமையைச் சற்று இறக்கி, ஓரத்துச் சுருக்கங்களைக் கூட்டினேன். வெண்விழியை வெள்ளையாக விடக் கூடாது என்பது அன்றைக்குப் புரிந்தது. தாளின் வெள்ளையை அப்படியே விட்டால் முகம் பயந்த மாதிரி ஆகிவிடும். லேசான சாம்பல் தடவி, கருவிழிமேல் ஒரே ஒரு புள்ளி மட்டும் வெள்ளையாக விட வேண்டும். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இப்படி ஒரு கணக்கை எனக்குக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

கோவில்பட்டியில் இருந்துகொண்டு இதைச் செய்கிறவன் காலண்டர் ஓவியர் கொண்டையராஜுவைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனியில் திரைச்சீலை வரைந்துகொண்டு ஊர் ஊராகப் போனவர். 1942-இல் அந்தக் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. நம் பாஷையில் சொன்னால் வேலை போய்விட்டது, அதுவும் சொந்த ஊரில்கூட இல்லை. அவரும் சீடர்களும் இங்கேயே தங்கி தேவி ஆர்ட் ஸ்டுடியோ என்று ஆரம்பித்தார்கள். பக்கத்தில் சிவகாசி, அங்கே அச்சகங்கள், அச்சகங்களுக்குக் காலண்டர் வேண்டும், காலண்டருக்குச் சாமி படம் வேண்டும். 1976-இல் அவர் இறக்கும்போது அவரும் சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் மீனாட்சியும் மாட்டாத வீடு தென்மாவட்டங்களில் அபூர்வம். பெரிய ஓவியர்கள் வரிசையில் இவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று இன்றைக்கும் சிலர் யோசிக்கிறார்கள். எனக்கு அதில் அக்கறையில்லை. எனக்குப் பிடித்தது அந்தத் தொழில் கணக்கு. திரைச்சீலையில் கற்ற பெர்ஸ்பெக்டிவும் பளிச் வண்ணமும் அப்படியே காலண்டருக்குள் வந்தன. தூண்கள் வரிசையாகப் பின்னால் போகும், தூரத்தில் கோபுரம், முன்னால் சாமி நேராக நம்மைப் பார்க்கும். வேலை போனவர்கள் புதிதாக எதையும் கற்றுக்கொண்டு வரவில்லை, கையிலிருந்த திறமைக்கு வேறு ஒரு சந்தையைக் கண்டுபிடித்தார்கள். ஜனங்களுக்கு ஏற்கனவே தேவைப்பட்ட ஒரு படத்தைக் கொடுத்தார்கள்.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். ஓவியம் பற்றி எழுதுகிறவர்கள் இதை மட்டும் பூசி மெழுகுவார்கள். ஏ4 அளவில் ஒரு முகத்துக்கு நான் ஆரம்பத்தில் 500 ரூபாய் வாங்கினேன், இப்போது 1,500. ஏ3-இல் தம்பதி படம் என்றால் 3,000 பக்கம், பிரேம் தனி. பொருள் செலவு பெரிதில்லை, நேரம்தான் செலவு. ஒரு முகத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்தால், அண்ணாச்சி பங்கு போக, மணிக்கு நூறு ரூபாய் வந்தால் அதிகம். கொத்தனார் கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அவர்தான் வசதி. அதனால் "கைவினைக்கு விலை பேசாதீங்க" என்று கோபப்படுவதைவிட நேரத்தைக் குறைக்கப் பார்ப்பது நல்லது. நான் குறைத்தது முக்கியமாகத் தலைமுடியிலும் சட்டையிலும். ஒவ்வொரு முடியாக வரைவதை நிறுத்திவிட்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் முடி எத்தனை கருப்புத் திட்டுகளாகத் தெரிகிறதோ அதை மட்டும் போட்டு, ஓரத்தில் நாலு முடியை இழுத்துவிடுகிறேன். படமும் அப்படித்தான் நன்றாக இருக்கிறது. ஆழமான கருப்புக்குக் கிராஃபைட்டை வைத்து அழுத்திக்கொண்டிருந்தால் வெளிச்சத்தில் பளபளக்கும், கண்ணாடிக்குப் பின்னால் போனால் இன்னும் மோசம். அங்கே கரிப் பென்சில். கை படாமல் இருக்க உள்ளங்கைக்குக் கீழே ஒரு தாள். விரலால் தேய்க்காதீர்கள், தோலிலுள்ள எண்ணெய் தாளில் கறையாக நிற்கும்.

பாதிப் பணம் முன்பணம். இதில் கூச்சமே கூடாது. இறந்தவர் படத்துக்கு யாரும் பேரம் பேசுவதில்லை, பணமும் ஒழுங்காக வரும். பிறந்தநாள் பரிசு, காதலிக்குக் கொடுக்க, இந்த ஆர்டர்கள்தான் பாதியில் காணாமல் போகும். காதல் முறிந்துவிட்டால் படம் நம் தலையில்.

சட்டம் ஒன்று இருக்கிறது, வரைகிறவர்களில் நிறையப் பேருக்குத் தெரியாது. 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டம் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் காசு கொடுத்து உங்களிடம் தன் உருவப்படத்தையோ ஓர் ஓவியத்தையோ வரையச் சொன்னால், வேறுவிதமாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாத வரை அந்தப் படத்தின் முதல் பதிப்புரிமையாளர் காசு கொடுத்தவர்தான், நீங்கள் இல்லை. அதனால் ஆர்டர் படத்தை அச்சுப் போட்டு விற்க வேண்டுமென்றால் முதலிலேயே எழுதி வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் ஒரு வரியாவது இருக்கட்டும். யாரும் கேட்காமல் நீங்களாக வரைந்தது உங்களுடையது, உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பின் 60 வருடங்களுக்கும். இந்த வித்தியாசம் முக்கியம். நடிகர் படங்களை வரைந்து டீ-ஷர்ட்டில் போட்டு விற்கலாம் என்று யோசிக்கிறவர்கள் இன்னொரு தடவை யோசியுங்கள். நர்சரிப் பள்ளிச் சுவரில் யாரோ உருவாக்கிய கார்ட்டூன் பூனையை வரைந்து கொடுக்கிற நானே அந்த விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பவன்தான்.

சுவர் வேலை சதுர அடிக் கணக்கு. பென்சில் முகத்தைவிட வருமானம் அதிகம், முதுகுவலியும் அதிகம். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு பழைய போர்டு ஆர்ட்டிஸ்ட், பிளக்ஸ் வந்த பிறகு தொழிலை விட்டுவிட்டு வாட்ச்மேனாக இருந்தவர். சினிமா பேனர், கட்சிச் சுவர் விளம்பரம், கடைப் பலகை என்று பிழைத்த ஒரு தலைமுறையையே 2000-க்குப் பிறகு டிஜிட்டல் பேனர் அடித்துப் போட்டது. சின்னப் போட்டோவில் கட்டம் போட்டு, அதே கட்டத்தை இருபது அடிக்கு ஊதி, சாரத்தில் நின்றபடி ஒரு கட்டத்தில் ஒரு கண்ணை மட்டும் வரைந்து, கீழே இறங்காமலே சரியாக வரும் என்று தெரிந்துவைத்திருந்தவர்கள். நூலைச் சாயத்தில் தோய்த்து இழுத்துத் தட்டிச் சுவரில் நேர்கோடு போடுவது, "ழ"கரத்தை எங்கே ஆரம்பித்து எங்கே பிரஷ்ஷைத் தூக்குவது, எல்லாம் அவரிடம்தான் கற்றேன். இப்போது பெரிய சுவர் என்றால் இருவரும் சேர்ந்து போகிறோம். எழுத்து அவர், உருவம் நான். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு ஆள் ஏதாவது ஏடிஎம் வாசலில் உட்கார்ந்திருப்பார், விசாரித்துப் பாருங்கள். காசு கட்டிச் சேரும் ஆன்லைன் வகுப்புகளில் கிடைக்காதது அவரிடம் கிடைக்கும்.

பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற யோசனை. எடுக்கலாம், சனி ஞாயிறு நிலையான காசு. ஆனால் பெற்றோருக்கு வேண்டியது போட்டிச் சான்றிதழ், பிள்ளைக்கு வேண்டியது போன். நடுவில் நீங்கள். அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராகலாமே என்று உறவினர்கள் சொல்வார்கள். அதற்கு அரசுத் தொழில்நுட்பத் தேர்வு எழுத வேண்டும், கீழ்நிலை, மேல்நிலை என்று இருக்கிறது. எழுதி வைப்பதில் தப்பில்லை. 2012-இல் ஓவியம், தையல், உடற்கல்வி என்று 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். அவர்கள் நிரந்தரம் கேட்டு எத்தனை வருடமாகப் போராடுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

"இப்பதான் ஆப்புலயே பென்சில் படமா மாத்திடுதே சார்" என்று கேட்பவர்களும் உண்டு. மாற்றுகிறது. பிறந்தநாள் படம் ஆர்டர் அதனால் குறைந்திருக்கிறது, இல்லையென்று சொன்னால் பொய். பழைய போட்டோவைச் சரிசெய்து தரும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. ஆனால் ரேஷன் கார்டில் இருக்கும் மங்கல் முகத்தை அதனிடம் கொடுத்தால், தெரியாத இடத்தையெல்லாம் அதுவாக நிரப்பி ஏதோ ஒரு பாட்டியைக் கொடுக்கும், தோல் மெழுகு மாதிரி, பல்வரிசை விளம்பரப் படம் மாதிரி. குடும்பத்தார் பார்த்துவிட்டு "நல்லாருக்கு, ஆனா இது எங்க ஆச்சி இல்ல" என்பார்கள். அப்படித் திரும்பி வருகிறவர்கள்தான் இப்போது என் வாடிக்கையாளர்களில் கணிசமான பங்கு. இதுவும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது. அவர்களுடைய திண்ணையில் உட்கார்ந்து, "மூக்குத்தி இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்டு, அவர்களுக்குள் சண்டை வந்து, கடைசியில் எண்பது வயதுத் தங்கச்சிக்காரியைக் கூப்பிட்டு விசாரிக்கிற வேலை மட்டும் கொஞ்ச நாள் தாங்கும் என்று தோன்றுகிறது.

காசு வாங்கிக்கொண்டு வரைந்தபோதுதான் கை திருந்தியது என்றேன், அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. செத்தவர் முகத்தையே வரைந்துகொண்டிருந்தால் கை அந்த ஒன்றுக்கே பழகிவிடுகிறது. ஒரு கட்டத்தில் எல்லாப் பெரியவர்களுக்கும் ஒரே மாதிரி நெற்றிச் சுருக்கம் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. வாடிக்கையாளருக்கு அது தெரியாது, ஏனென்றால் அவர் ஒரு படத்தைத்தான் பார்க்கிறார். அப்போதுதான் சென்னைக்குப் பக்கத்திலுள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமம் பற்றிப் படித்தேன். சென்னை ஓவியப் பள்ளி முதல்வர் கே.சி.எஸ். பணிக்கரும் அங்கே படித்தவர்களும் படிப்பு முடிந்தால் பிழைப்புக்கு என்ன செய்வது என்ற இதே கேள்வியில்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள். அந்தக் காசைச் சேர்த்து ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையோரம் நிலம் வாங்கி 1966-இல் கிராமம் அமைத்தார்கள். கைவேலை சோறு போடும், ஓவியம் அதன் தயவில் யாருக்கும் பதில் சொல்லாமல் இருக்கும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பவில்லை. மெட்ராஸ் கலை இயக்கம் என்று இன்று பெருமையாகச் சொல்கிறோமே, அதன் பின்னால் மெழுகும் சாயமும் காய்ச்சிய அடுப்பு ஒன்று இருக்கிறது.

எனக்குப் பக்கத்தில் கடற்கரையும் இல்லை, பணிக்கரும் இல்லை. காலையில் ஒரு மணி நேரம் ஆர்டர் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில், மார்க்கெட்டில், கடலைமிட்டாய்க் கடை வாசலில் போய் நின்று பேனாவால் வரைவது. பேனா எதற்கென்றால் அழிக்க முடியாது. ஆள் நகர்ந்துவிடுவார், பஸ் வந்துவிடும், தோளும் முதுகும் நிற்கிற விதம் மட்டும் கையில் மிஞ்சும். இதில் ஒரு பைசா வந்ததில்லை. ஆனால் ஆர்டர் படங்களில் தலை கழுத்தின் மேல் ஒழுங்காக உட்கார ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான்.

வருமானம் இப்போதும் மேடு பள்ளம்தான். பள்ளி திறப்பதற்கு முன் மே மாதம் சுவர் வேலை குவியும், மார்கழியில் கல்யாணம் இல்லை, தம்பதி படமும் இல்லை. நல்ல மாதத்தில் கல்லூரிச் சம்பளத்தைத் தொட்டுவிடும், மோசமான மாதத்தில் மனைவியின் தையல் மெஷின்தான் ஓடும். இதைச் சொல்லாமல் "மனசுக்குப் பிடித்ததைத் துரத்துங்கள்" என்று எழுதுவது அயோக்கியத்தனம். நடுவில் ஒரு பாலிடெக்னிக்கில் மணிக்கணக்கு அடிப்படையில் டிராயிங் எடுக்கக் கூப்பிட்டார்கள், வாரத்தில் இரண்டு நாள் போகிறேன். அதை விட்டுவிட்டு முழுநேரம் வரையப் போகிறேனா என்று கேட்டால், இல்லை.

அந்தக் காலை நேரத்தில் போன வருடம் ஆரம்பித்தது ஒரு வரிசை. பாம்படம் போட்ட கிழவிகள் இன்னும் எங்கே மிச்சமிருக்கிறார்கள் என்று விசாரித்து, அவர்கள் வீட்டுக்கே போய், நேரில் உட்கார்ந்து வரைவது. கோவில்பட்டியைச் சுற்றி விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குத்தான் இருக்கிறார்கள். ஒருத்தர், "என்னத்துக்கு ஐயா எம்மூஞ்சிய வரையுத, போயி வேலைவெட்டியப் பாரு" என்றார், ஆனால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு சிவகாசி அச்சகக்காரர் ஒருவர் பன்னிரண்டு மாதக் காலண்டராகப் போடலாமா என்று கேட்டிருக்கிறார். மொத்தமாக ஒரு தொகை கொடுத்து உரிமையையும் சேர்த்து எழுதித் தரச் சொல்கிறார். நான் ஒரு வருட அச்சுரிமை மட்டும் தருகிறேன், பிரதிக்கு இவ்வளவு என்று கொடுங்கள் என்கிறேன். பேசிய இடத்தில் ஆச்சிகளுக்கும் ஆளுக்கு ஒரு பங்கு கேட்டதில் அவருக்குக் கொஞ்சம் கோபம். அடுத்த வாரம் மறுபடி போக வேண்டும்.